பின்னால் எடுத்தால் மட்டும் பிடிக்கும் சக்கரம்

முன்னால் போனால் பிடிக்காது. பின்னால் எடுத்தால் பிடிக்கும். பல வருடம் பிரேக் வேலை பார்த்த எனக்கு அந்த ஒரு சக்கரம் மட்டும் விளங்கவில்லை. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் கம்பம் ஊருக்கு வந்து வாழைக்காய் வியாபாரி சலீம் மாமாவைக் கேட்கலாம். அவரும் அன்று என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

2003. குமுளிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்ட முதலாளியிடமிருந்து மாமா வாங்கிய பழைய வெளிநாட்டுக் கார் அது. பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். வலது பின்சக்கரம் பிடிக்கிறது என்று ஒரு சாயங்காலம் என்னைத் தன் வீட்டு வாசலுக்கு வரவழைத்தார். அவர் மனைவி நசீமா அக்காவுக்கு மறுநாள் காலை மதுரையில் டயாலிசிஸ். ஒருமுறை தவறினாலும் மூச்சு முட்டிவிடும்.

பிரேக்கை மிதித்தால் ஆயில், காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் தள்ளும் பேடு, சக்கரத்தோடு சுற்றும் தட்டைக் கவ்வும். காலை எடுத்ததும் ரப்பர் சீல் பிஸ்டனை மயிரிழை பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். துரு ஏறினால் பிஸ்டன் திரும்பாது. நோய் அவ்வளவுதான். துருவைத் தேய்த்து, புது சீல் போட்டேன். சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

ரிவர்ஸ் போட்டேன். கிரீச்... வலது பின்சக்கரம் நின்றுவிட்டது.

காலிப்பருக்கு முன்னும் பின்னும் தெரியாது. எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒரே மாதிரிதான் கவ்வும்.

"மாப்ள, வண்டிக்கு ஒன்னையப் பிடிக்கல போல."

"கவ்வுற பல்லையே கழட்டிர்றேன் மாமா. ஏறுங்க."

காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டேன். ஹேண்ட்பிரேக் கேபிளையும் எடுத்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. மீண்டும் ரிவர்ஸ்.

தட்... தட்...

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, நிறுத்தச் சொல்லிப் பின்னால் நிற்பவர் பாடியில் தட்டுவது எங்கள் வழக்கம். என் கால் தானாகக் கிளட்சை மிதித்தது.

"பின்னால ஆரு மாப்ள?"

பின்னால் யாருமே இல்லை.

மறுபடி எடுத்தேன்.

தட்... தட்... தட்...

சத்தம் டிக்கியில் இல்லை. கீழே. சக்கரத்தை ஒட்டி.

சக்கரம் நின்றது. என்ஜின் அணைந்தது.

கழற்றிய காலிப்பர் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

வெறும் தட்டைத் தொட்டேன்.

சுட்டது...

காரைப் பேசி முடித்துக் கொடுத்த தரகன், மலையடிவாரம் லோயர் கேம்ப் ஊர்க்காரன் ஒச்சாண்டி. மாமா போன் போட்டதும் வந்தான். சக்கரத்தைப் பார்த்தவன் பக்கத்தில் வரவில்லை.

"ஏலக்கா பறிக்கிற சுப்புத்தாய் மேல ஏறுன வண்டி. கால் ரெண்டும் போச்சு. ஆனா உசுரு இருந்துச்சு. பொழச்சா சாட்சி சொல்லுவான்னு, பின்னால எடுடான்னு மொதலாளி சொன்னாக."

"டிரைவர் எடுத்தானா?" என்றேன்.

"அவ வண்டியத் தட்டிக்கிட்டே கெடந்தா. அவனுக்கும் கேட்டுச்சு. நிப்பாட்டல."

"ஏலே, தெரிஞ்சேவா எனக்கு வாங்கிக் குடுத்த?"

"நீங்க ஏசி இருக்கான்னுதானே கேட்டீக?"

மாமா அவனை அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. வீட்டுக்குள் நசீமா அக்கா மூச்சு வாங்குவது கேட்டது.

காலிப்பரைத் திரும்ப மாட்டினேன். பிறகு கியர் பெட்டிக்கு அடியில் படுத்து, ரிவர்ஸுக்குப் போகும் லிங்க் கம்பியைக் கழற்றி எறிந்தேன். விடிந்ததும் அக்கா அதே காரில் மதுரை போய்த் திரும்பினார். வண்டி பின்னால் போக வேண்டுமென்றால், நியூட்ரலில் போட்டு, முன்னால் நின்று கையால் தள்ள வேண்டும். டிரைவர் எடுக்காமல் அப்படித் தள்ளினால் பிடிப்பதில்லை.