ஒரு அம்மாவுக்குப் பதினோரு கடிதங்கள்

அன்று ஐந்தாம் வகுப்பில் பதினோரு பிள்ளைகளும் ஆசிரியரான நானும் இருந்தோம். பக்கத்து அறையில் தலைமை ஆசிரியை இருந்தார். வராதவள் ஒருத்திதான், ஜன்னலோரம் உட்காரும் பெண். எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கும் காலம். அம்மா கூலிக்குப் போவதால் கைக்குழந்தையாக இருந்த தம்பியை அவள் பார்த்துக்கொண்டாள். இப்படியே போனால் அவள் படிப்பு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் நின்ற என் அக்கா பள்ளிக்கூடமே பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான்.

அந்த வாரப் பாடம், ஒருவரைச் சம்மதிக்க வைக்கும் கடிதம். “அவங்க அம்மாவுக்கே எழுதுங்க” என்றேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வீடு திரும்பும்போது, விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து நின்ற நேரத்தில் கடிதங்களைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் விடுப்புக் கடிதங்கள். ‘தங்கள் மகளுக்கு அனுமதி அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ ஒருவன் பழக்கதோஷத்தில் தனக்குக் காய்ச்சல் என்றும் சேர்த்திருந்தான். சிரிப்பு வந்தது. ஆனால் எங்கள் தெருக்காரர்களுக்காக அதிகாரிகளுக்கு நான் எழுதித் தரும் மனுக்களும் இதே கெஞ்சல்தான்.

மறுநாள் கேட்டேன். “அவங்க அம்மா ஏன் அனுப்பல?”

“அனுப்பக்கூடாதுன்னு இல்ல சார். பையன யாரு வெச்சிக்கினு இருப்பாங்க?” என்றான் ஒருவன். “நீங்க வெச்சிக்கிறீங்களா?”

வகுப்பே சிரித்தது. பின்வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் மேலே பார்த்தாள். “ஃபேன் கொக்கி சும்மாதான சார் இருக்குது. தூளி கட்டலாம்.”

தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன்.

“ஆபீசர் வந்தா என்னா சொல்லுவீங்க?”

“புது அட்மிஷன்னு சொல்லிடலாம் மேடம்.”

“கொக்கி தாங்குமான்னு மொதல்ல நீங்க தொங்கிப் பாருங்க” என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

பிள்ளைகள் மறுபடி எழுதியதை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வயலுக்குப் போனேன். அந்த அம்மா செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார். ஆய்கிற அளவுக்குத்தான் கூலி என்பதால் கை நிற்கவில்லை. தம்பியை இடுப்பில் வைத்தபடி மகளே கடிதங்களைப் படித்தாள். ‘தம்பியையும் அனுப்புங்க. அழுதா முறை வெச்சி ஆட்டுவோம். எங்க வீட்டுலயும் நாங்கதான் ஆட்டுறோம்.’

அங்கே கை நின்றது.

“பாலுக்கு அழுதான்னா?”

“பள்ளிக்கூடம் தோ பக்கத்துல தானம்மா. இவ தூக்கினு வந்து காட்டிட்டுப் போகட்டும்.”

“ஊரு சிரிக்கும் சார்.”

“சிரிக்கட்டும்மா.”

மகளைப் பார்த்தார். “என் பொடவயத் தரேன், அதுல கட்டுங்க. புதுத் துணின்னா அவன் தூங்கமாட்டான்.”

அடுத்த நாள் கொக்கியில் கயிறு கட்டித் தொங்கிப் பார்த்தேன். தாங்கியது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தம்பி பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு நடுவில் தூளியில் தூங்கிப்போனான்.

அந்தப் பிள்ளைகளுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. தெருவில் யாராவது மனு எழுதக் கேட்டால், “நாம கேக்கறதுல அந்த ஆபீசருக்கு என்னா கஷ்டம்?” என்று இப்போதெல்லாம் முதலில் விசாரிக்கிறேன்.

புடவை அந்த அம்மாவுடையது, கொக்கி பள்ளிக்கூடத்துடையது. கயிறு மட்டும் பக்கத்து ஊரான காணையில் ஒரு கடையில் வாங்கினோம். பிள்ளைகள் மிட்டாய்க் காசைப் போட்டார்கள், குறைந்ததைத் தலைமை ஆசிரியை கொடுத்தார். மொத்தம் அறுபத்தைந்து ரூபாய்.