சிவப்புக் கிட்டாரும் பெரிய பெட்டியும்

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிச் சட்டத்தை மருந்தில் முக்கும் வேலை பார்த்தவன் சோலைச்சாமி. புதூருக்கு அப்பால் இருந்த கரிசல் நிலம் மழையில்லாமல் தரிசாகிவிட, மனைவி சுடலையம்மாளுடன் பிழைப்புத் தேடி வந்தவன். மருந்துப் புகை நெஞ்சில் ஏறி, இருமல் அவனை விட்டபாடில்லை. வேலை முடிந்ததும் இசக்கியப்பனின் மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும் கொட்டகைக்குப் போவான். குழுவினருக்கு டீ வாங்கிக் கொடுப்பான்; மேளங்களைச் சுமப்பான். ஓய்ந்த நேரத்தில், அங்கே கிடந்த பழைய மரக் கிட்டாரில் விரல் பழகினான்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு பங்குனியில் குழுவின் கிட்டார்க்காரர் தூத்துக்குடிக்குப் போய்விட்டார்.

“ஏலே சோலை, ஒனக்குக் கை ஓடுது. இல்லங்கல,” என்றார் இசக்கியப்பன். “எலெக்ட்ரிக் கிட்டாரும் அதுக்குச் சத்தம் கூட்டுத ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் சொந்தமாக் கொண்டா. வைகாசிக் கோயில் கொடையில மேடையில நில்லு. கொண்டாரலைன்னா எனக்கு ஆளுக்கா பஞ்சம்?”

வீட்டுக்கு ஓடு வேய்வதற்கென்று சீட்டுப் போட்டுச் சேர்த்த தொகை சுடலையம்மாளிடம் இருந்தது. அவள் அதை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

“ஓடு கெடக்கட்டும். மேடையில நின்னா மருந்து முக்க வேண்டாம்லா? அந்த இருமலாவது நிக்கட்டும்.”

தனக்கு ஒன்றும் தெரியாது என்பது சோலைச்சாமிக்குத் தெரிந்திருந்தது. ஆகையால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அய்யாத்துரையை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினான்.

கடைக்காரர் இரண்டு ஜோடிகளை எடுத்து வைத்தார். ஒன்று, மங்கிய தவிட்டு நிறக் கிட்டார். அதனுடன் மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய புதுப் பெட்டி. மற்றொன்று, செவ்வரளிபோல் மின்னும் சிவப்புக் கிட்டார். அதனுடன் இடுப்புயரப் பழைய பெட்டி. இரண்டுக்கும் விலை ஒன்றுதான்.

அய்யாத்துரை இரண்டு கிட்டார்களையும் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“செவப்புக்குக் கழுத்து வளைஞ்சிருக்கு. கம்பி ரொம்ப ஒசந்து நிக்குது. அமுக்குனா வெரல் கிழியும். தவிட்டுக் கலரை எடு.”

“பெட்டி சிறுசா இருக்கே அண்ணாச்சி!”

“இருந்தா என்ன? அதுக்கு முன்னால ஒரு மைக்கை வையி. குழாய் ஸ்பீக்கர்ல ஊரே கேக்கும்.”

சோலைச்சாமி அதை நம்பவில்லை. வெட்டவெளியில், நான்கு ஊர்ச் சனம் கூடும் கொடைகளைப் பார்த்து வளர்ந்தவன் அவன். எதிர்ப்பந்தலில் வில்லுப்பாட்டு முழங்கும்போது இந்தக் குட்டிப் பெட்டி என்ன செய்யும்? கரிசல்காட்டில் சத்தம் பெரிதாக இருப்பவனுக்குத்தான் அடுத்த வருடமும் பாக்கு வைத்து அழைப்பார்கள்.

“பெரிசே இருக்கட்டும், அண்ணாச்சி.”

அய்யாத்துரை பெரிய பெட்டியை ஓடவிட்டு, அதன் தகட்டைப் புறங்கையால் தொட்டார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“சுருக்குங்குது. உள்ளே கரண்ட் கசிவு இருக்கு. ஒண்ணு, என் கடையில பத்து நாள் போடு. பிரிச்சுச் சரி பண்ணுதேன். இல்லேன்னா எர்த் இல்லாம இதைத் தொடாத. வெளையாட்டில்ல, சொல்லுதேன்.”

கொடைக்கு ஒரு வாரமே இருந்தது. வாங்கிய பெட்டியுடன் ஒத்திகை பார்த்தாக வேண்டும் என்று இசக்கியப்பன் விரட்டினார். கொடை முடிந்ததும் பெட்டியைக் கொண்டுவருவதாக அய்யாத்துரையிடம் சொல்லிவிட்டு வந்தான். ஒத்திகைக் கொட்டகையில் நல்ல எர்த் இருந்ததால் எந்தத் தொந்தரவும் நேரவில்லை.

கொடை, புதூர்ப் பக்கத்து வானம் பார்த்த சிற்றூர் ஒன்றில் நடந்தது. அவ்வருடம் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பிளவுக்குள் முழங்கை வரை போகும். அந்தக் காட்டு ஊர்களில் மேடை போடும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள், கடப்பாரையைத் தரையில் அடித்து, அதில் எர்த் கம்பியைச் சுற்றி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். மண் நனைந்து கடப்பாரையைக் கவ்வினால்தான் கசிவு மண்ணில் இறங்கும். சோலைச்சாமி கடப்பாரையை அடித்துவிட்டுக் குடம் கேட்டு நின்றான்.

தண்ணீர் வண்டிக்கு நாள் முழுக்கக் காத்திருந்து குடத்துடன் வந்த வெயிலுகந்தம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பிள்ளைக்குக் கஞ்சி காச்சத் தண்ணி இல்ல. இவிய இரும்புக்கு ஊத்திக் குளிப்பாட்டப் போறாவளாம்! ஏலே, நீயும் இந்தக் காட்டுல பெறந்தவன்தான? கேக்க வாய் வருதா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சோலைச்சாமிக்கு முகம் கறுத்தது. மறுபடி குடம் கேட்க நாவெழவில்லை. அவள் இரங்கிக் கொடுத்த ஒரு செம்புத் தண்ணீரைக் கடப்பாரையின் அடியில் ஊற்றினான். அது பிளவுக்குள் இறங்கி மறைந்தது; கடப்பாரையைச் சுற்றி மண் நிறம்கூட மாறவில்லை. ‘ஒரு நாள்தானே’ என்று எண்ணிக்கொண்டு மேடை ஏறினான்.

விளக்கு வைக்கும் வேளையில் கச்சேரி தொடங்கியது. சிவப்புக் கிட்டாரைக் கண்டதும் கூட்டம் விசிலடித்தது. முன்வரிசையில் சுடலையம்மாள் இருந்தாள். முதல் பாட்டு முடியும்வரை எதுவும் நேரவில்லை. இரண்டாம் பாட்டில் அவன் பின்பாட்டுப் பாட வேண்டும். இடக்கை கம்பிகளை அழுத்தியிருக்க, தாழ்ந்திருந்த மைக்கை உயர்த்த வலக்கையை நீட்டிப் பிடித்தான்.

கையை எடுக்க முடியவில்லை. பெட்டியில் கசிந்த கரண்ட் கம்பி வழியே ஏறி, அவன் உடலைக் கடந்து மைக்கில் இறங்க, உடல் வில்லாக வளைந்தது. அவன் ஆடுவதாக எண்ணிக் கூட்டம் கைதட்டியது. சுடலையம்மாள் அலறிய பிறகே சவுண்ட் சர்வீஸ்காரர் வயரைப் பிடுங்கினார்.

உயிர் பிழைத்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இடக்கை விரல்கள் இரண்டை எடுத்தார்கள்.

இசக்கியப்பன் ஆரஞ்சுப் பழங்களுடன் பார்க்க வந்தார்.

“கயத்தாத்துக் கொடை இருக்கு, சோலை. ஒன் கிட்டார் சும்மாதான கெடக்கும்? அய்யாத்துரை பெட்டியைச் சரி பண்ணிட்டாரு. நீ வந்து பெட்டியைப் பாத்துக்கோ. ஒனக்கும் பங்கு உண்டு.”

சோலைச்சாமி மறுக்கவில்லை. மருந்துச் சட்டத்தைப் பிடிக்கவும் இனி அந்தக் கை உதவாது. இருமல் மட்டும் நிற்கவில்லை.

கயத்தாற்றில், மேடைக்குப் பின்புறம் பெட்டியருகே அவன் குந்தியிருந்தான். முன்னால் வேறொருவன் சிவப்புக் கிட்டாரை வாசித்தான். மூன்றாம் கம்பி சுருதி இறங்கியிருந்தது. அதை முறுக்கேற்ற வேண்டும் என்று வாசித்தவனுக்குத் தெரியவில்லை. சோலைச்சாமி ஒருமுறை கூவிப் பார்த்தான். பெரிய பெட்டியின் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.