‘ஸ்’ சொன்னால் விடும் பூனை

அன்னக்கிளிக்கு ஐம்பத்தெட்டு வயது. மில் மூடும்வரை நூல் சுற்றும் பிரிவில் இருந்தாள். இருபது வருடமும் நின்றே வேலை. கதவடைப்பின்போது நடந்த உண்ணாவிரதத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தவள். பேச்சாளர் நீட்டி முழக்கினால், “சீக்கிரம் முடிங்கண்ணே, பசிக்குது” என்று அங்கிருந்தே சொல்வாள். பெரும்பாலும் அந்தப் பேச்சாளர் நான்தான்.

மில் போனது. புருஷன் போனான். பிள்ளை இல்லை. உப்பளம் பகுதியில் ஒற்றை அறை வீடு, வாசலில் இட்லிக் கடை. சர்க்கரை நோயும் வந்து சேர்ந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவாள்.

ஒரு நாளில் அவளைத் தொடுகிற உயிர் ஒன்றே ஒன்று. அது மினு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எதிர்வீட்டு சொல்தாவின் குடும்பம் பிரான்சுக்குப் போனபோது விட்டுப்போன பூனை. பேரும் அவர்கள் வைத்ததுதான். கடைசி ஈடு இட்லியை இறக்கியதும் அன்னக்கிளி முக்காலியில் உட்கார்ந்து இடது காலை நீட்டுவாள். மினு வந்து கட்டைவிரலை நக்கும். நக்கிக்கொண்டே இருந்து, சட்டென்று பல்லை வைக்கும். தோல் கிழியாது. பிடித்தபடி அவள் முகத்தையே பார்க்கும். அவள் “ஸ்…” என்பாள். உடனே விட்டுவிடும்.

லாஸ்பேட்டையில் எனக்குத் தெரிந்த மாட்டு டாக்டர் ஒருவர் இதற்குக் காரணம் சொன்னார். பூனை தன் குட்டியை நக்கும்போது, முடி சிக்கிய இடத்தை மெல்லக் கடித்துச் சரிசெய்யுமாம். தன்னுடையவர்கள் என்று நினைப்பவர்களிடமும் அதையே செய்யுமாம். எவ்வளவு அழுத்தலாம் என்பதை, கடிபடுகிறவர் போடும் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ளுமாம். அந்தக் கடைசி விஷயத்தை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன ஐப்பசியில் அன்னக்கிளி பேச்சைக் குறைத்துக்கொண்டாள். என்னவென்று கேட்டேன். மினு கடிப்பதை நிறுத்திவிட்டதாம். சோறு தின்ன வருகிறதாம், முக்காலிக்கு அடியில் போய் உட்காருகிறதாம், அவ்வளவுதானாம்.

“அதுக்கும் நான் வேணாம்னு ஆயிட்டேண்ணே.”

பூனை வேலைநிறுத்தம் செய்கிறது, கோரிக்கை என்னவென்று கேள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. புருஷனுக்குக்கூட அழாத அழுகையை அன்று முழுங்கிக்கொண்டு சட்னி ஊற்றினாள்.

கார்த்திகையில் ஒரு மழைக் காலை. கடையில் நானும் பக்கத்து வீட்டு ஹேமலதாவும் மட்டும். அன்னக்கிளி முக்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டு, மினுவின் பேச்சையே பேசிக்கொண்டிருந்தாள். ஹேமலதா கையிலிருந்த தட்டு அப்படியே நின்றுவிட்டது. அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன்.

முக்காலிக்குக் கீழே மினு. அன்னக்கிளியின் கட்டைவிரல் அதன் வாயில். முன்பு போல இல்லை, பல் முழுசாக உள்ளே இறங்கியிருந்தது. அதற்குக் கோபமும் இல்லை. காது நிமிர்ந்திருந்தது. தொண்டையில் அந்தக் குர்குர் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. கண் மட்டும் அவள் முகத்தின்மேல். எதற்கோ காத்திருந்தது.

அன்னக்கிளி அடுத்த பல் பூண்டை எடுத்தாள்.

“தொட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. பல்லு பட்டா தெரியாதா எனக்கு?”

விரல் நுனி கறுத்திருந்தது. ஈரத் தரையில் ரத்தம் ஒரு கோடாக ஓடி, என் செருப்புவரை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். சர்க்கரையால் அந்தக் காலில் உணர்ச்சி செத்துப் பல நாள் ஆகிறது, விரலும் உள்ளுக்குள் அழுகிவிட்டது என்றார்கள். தெருவில் வேறு மாதிரிப் பேசினார்கள். பூனை விரலைத் தின்றுவிட்டது என்றார்கள். மினுவைச் சாக்கில் கட்டி வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற இடத்தில் விட்டுவிடலாம் என்று ஹேமலதா ஆஸ்பத்திரிக்கே வந்து சொன்னாள். அன்னக்கிளி படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

“அது என்னைக் கூப்பிட்டுக்கினே இருந்திருக்குடி. சத்தம் வரலியேன்னு தெனம் கொஞ்சம் கூடுதலா அழுத்தியிருக்கு. நாந்தான் ஏன்னு கேக்கல.”

சாக்குப் பேச்சு அதோடு முடிந்தது.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை கடைக்குப் போனேன். அடுப்பு எரியவில்லை. அன்னக்கிளி முக்காலியில் உட்கார்ந்து இடது காலை நீட்டியிருந்தாள். நாலு விரல். என்னைப் பேசாதே என்று கையைக் காட்டினாள்.

மினு வந்தது. நாலு விரலையும் முகர்ந்தது. தையல் போட்ட இடத்தையும் முகர்ந்தது. பிறகு கொஞ்சம் தள்ளி, கட்டைவிரல் இருந்த இடத்தில், வெறும் காற்றை நக்க ஆரம்பித்தது. நாக்கு எதன்மேலும் படவில்லை. வாயைத் திறந்தது. மெல்ல மூடியது. முழுக்க மூடவில்லை. ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி விட்டுப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தது. அந்தப் பற்களுக்கு நடுவில் தெருவின் வெளிச்சம் தெரிந்தது.

“ஸ்…” என்றாள் அன்னக்கிளி. கால் வெடுக்கென்று துள்ளியது.

மினு விட்டுவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். அந்தச் சிரிப்பை மில் திறந்திருந்த காலத்தில்கூட நான் பார்த்ததில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன்.

“லேசாத்தான்,” என்றாள்.