மூன்றாவது தோசை

என் மனைவி எட்டாவது வரை படித்தவள். நான் எம்.ஏ. படித்து, முப்பது வருஷம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் இருவரில் யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பார்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அது தப்பு. வயிறெரிந்தவன் நான். இன்றைக்கும் அந்த எரிச்சல் முழுக்க அடங்கிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

மைசூரில், சரஸ்வதிபுரத்தில் எங்கள் வீடு இருக்கும் தெருவில் பி.ஜி. என்று சொல்கிற பெண்கள் விடுதிகள் நாலைந்து உண்டு. ஒரு சமயம் அங்கே தங்கிப் படித்த இரண்டு பெண்கள், விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். என் மனைவி உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். இரண்டு நாலாகி, நாலு பத்தாகி, கடைசியில் காலையும் மாலையும் இருபது பெண்கள் சாப்பிடும் மெஸ்ஸாகிவிட்டது எங்கள் வீடு. ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவளுக்கு இருபது பேருக்குச் சமைப்பது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அந்த இருபதில் பாதிப் பேர் என் மாணவிகள். கல்லூரியில் என்னைக் கண்டால் வேறு படிக்கட்டு வழியாகப் போய்விடுவார்கள். வீட்டிலோ பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, 'அக்கா' என்று கூப்பிட்டபடி நேரே சமையலறைக்குள் போவார்கள். முன்கூடத்தில் நான் பேப்பரை விரித்து உட்கார்ந்திருப்பேன். எவளாவது 'சார் இருக்காரா' என்று கேட்டால், நான் இல்லை என்று உறுதி செய்துகொள்ளக் கேட்கிறாள் என்று பொருள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். என் வகுப்பில் முப்பது வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. இவள் அப்படி என்னதான் பேசுகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். பீர்க்கங்காயைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள்.

இன்னொரு ஆறாத புண்ணையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் யாரைக் கௌரவித்தாலும் மைசூர்ப் பேட்டா சூட்டுவது வழக்கம். ஜரிகைக்கரை போட்ட பட்டுத் தலைப்பாகை, கட்டியபடியே கடையில் கிடைக்கும். வார்டு கூட்டத்துக்கு வருகிறவர் தலையில்கூட ஒன்றைக் கவிழ்த்துவிடுவார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று என்னோடு இன்னும் இருவர் ஓய்வு பெற்றார்கள். வாங்கி வந்திருந்த பேட்டாக்கள் இரண்டு. கணக்கில் எங்கே பிசகியது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குச் சால்வை மட்டும் போர்த்தி, பேட்டாவை அடுத்த வாரம் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்கள். நான் இன்னும் வீட்டில்தான் இருக்கிறேன்.

ஆனால் எனக்கென்று ஒரு பெருமை இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

பல வருஷங்களுக்கு முன் கொள்ளேகால் பக்கத்திலிருந்து ஒரு பெண் எங்கள் கல்லூரியில் சேர்ந்தாள். கன்னடப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவள். வீட்டில் தமிழ். ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டால் அவளுக்கு உதறல். உள்தேர்வில் என் பாடத்தில் தோற்றாள். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, உனக்கு இது சரிப்பட்டு வராது என்று எல்லோர் எதிரிலும் சொன்னேன். அப்போது நான் அப்படித்தான் பேசுவேன். அவளும் எங்கள் மெஸ்ஸில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து என் மனைவி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"அந்தக் கொள்ளேகால் புள்ள சொல்லுதுங்க, சார் மாதிரி வெளங்க வெக்கறதுக்கு இந்த ஊருலயே ஆளில்லையாம். தனியாச் சொல்லிக் குடுத்தா பாஸ் பண்ணிருவேங்குது. கேக்கறதுக்குப் பயமாம்."

நான் பேப்பரை மடித்து வைத்தேன். எந்த மாணவியும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. நாளைக்கு ஆறு மணிக்கு வரச் சொல் என்றேன். குரலை மட்டும் கடுமையாகவே வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நாலு மாதம், தினமும் மாலை ஆறு மணிக்கு முன்கூடத்தில் அவளுக்குப் பாடம் நடத்தினேன். தமிழில் சொல்லி, கன்னடத்தில் கேள்வி கேட்டு, ஆங்கிலத்தில் எழுதவைத்தேன். முப்பது வருஷத்தில் நான் உருப்படியாக நடத்திய பாடம் அதுதான் என்று எனக்கே தெரியும். எனக்குள் ஒரு நல்ல ஆசிரியன் இருக்கிறான் என்று ஒருத்தியாவது கண்டுபிடித்துவிட்டாளே என்ற சந்தோஷம். மற்றவர்கள் சமையலறைக்குப் போகட்டும், இவள் என் ஆள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் ஒரு விதியை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரே பொருளை மேலும் மேலும் நுகர்ந்தால், ஒவ்வொன்றும் தருகிற பயன் முந்தையதைவிடக் குறைந்துகொண்டே போகும். முதல் தோசைக்கு இருக்கிற ருசி இரண்டாவதுக்கு இல்லை, மூன்றாவதுக்கு இன்னும் குறைவு என்று சொன்னேன். சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"அது தப்புங்க. பசியோட வர்றவளுக்கு மொதத் தோசையில ருசியே தெரியாது. விழுங்குவா, அவ்வளவுதான். மூணாவதுலதான் ருசி தெரியும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய், தெரியாத விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு என் மனைவி பாட நேரத்தில் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் அந்த வருஷம் என் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறினாள். பிறகு பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி வங்கியில் அதிகாரியானாள்.

இந்த வருஷம், ஒரு புதன்கிழமை, அவள் திடீரென்று வாசலில் வந்து நின்றாள். என் மனைவி தேவராஜ மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அந்தக் காலத்து மெஸ் தோழிகள் ஒன்பது பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், சாப்பாடு வெளியிலிருந்து கொண்டுவருவதாகவும் சொன்னாள். அக்காவை அன்றைக்கு அடுப்புப் பக்கமே விடக்கூடாது, இப்போதைக்கு அவரிடம் எதுவும் சொல்லவும் கூடாது என்றாள். அவள் தோளில் தொங்கிய பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேல்மூடி கண்ணாடிக் காகிதம். உள்ளே ஜரிகை மின்னியது.

பேட்டா. நான் கண்டுகொண்டேன். கண்டுகொள்ளாததுபோல் வானத்தைப் பார்த்தேன்.

கொஞ்சம் யோசித்திருந்தால் எவனுக்கும் விளங்கியிருக்கும். நான் படித்தவன், எனக்கு விளங்கவில்லை. அந்த நாலு நாளும் என் நடையே மாறிப்போயிற்று. குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்கும்போது ஏற்புரையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமை முடி வெட்டிக்கொண்டேன். ஞாயிறு காலை பட்டு ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு வந்தபோது, எந்தக் கல்யாணத்துக்குப் போகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். சும்மாதான் என்றேன். அவள் பழைய நூல் சேலையில் ராத்திரிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். சேலையை மாற்றிக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு ஒன்பது பேரும் வந்தார்கள். வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் புகுந்து, ஈரக் கையோடு அவளை இழுத்து வந்தார்கள். கூடத்தில் இரண்டு நாற்காலிகளைப் போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். என் கொள்ளேகால் மாணவி பெட்டியைத் திறந்து பேட்டாவை இரண்டு கையாலும் எடுத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கண்ணை மூடித் தலையைத் தாழ்த்தினேன்.

கைதட்டல் கேட்டது. தலையில் ஒன்றும் இறங்கவில்லை. கண்ணைத் திறந்தால், பேட்டா என் மனைவியின் தலையில் இருந்தது. அவள் மாவுக் கையோடு அதைத் தொடவும் தெரியாமல், தள்ளவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். தாழ்த்திய தலையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் பாவனை செய்தேன். வீட்டுக்குள் நான் செருப்பே போடுவதில்லை. நிமிர்ந்தபோது எனக்கு ஒரு சால்வையைப் போர்த்தினார்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காதெல்லாம் சுட்டது. சோறு போட்டதற்குப் பேட்டாவா, அப்படியானால் இந்த ஊரில் ஒவ்வோர் ஓட்டலிலும் ஒரு பேட்டா இருக்க வேண்டுமே என்று மனசுக்குள் கத்தினேன். முப்பது வருஷம் தொண்டை வறளக் கத்தியவன் பக்கத்து நாற்காலியில் சால்வையோடு உட்கார்ந்திருக்கிறான். ஜிப்பாப் பையில் இருந்த ஏற்புரைக் காகிதம் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

அப்போது என் மாணவி பேசினாள்.

உள்தேர்வில் தோற்ற அந்த வாரம் படிப்பே வேண்டாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டாளாம். கடைசியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று மெஸ்ஸுக்கு வந்து, இரண்டு தோசை தின்றுவிட்டு எழுந்தாளாம். அக்கா தோளை அழுத்தி உட்காரவைத்து, மூன்றாவதையும் தின்றுவிட்டுப் போ, ருசி அதில்தான் தெரியும், நீ இந்த ஊருக்கு வந்து இன்னும் ருசி தெரிகிற வரைக்கும் இருக்கவில்லை என்றாராம். தின்றுகொண்டிருக்கும்போதே இன்னொன்றும் சொன்னாராம்.

"'உனக்கு நல்ல மண்டைன்னு சார் நேத்து ராத்திரி சொல்லிட்டிருந்தாரு, ஆறு மணிக்கு அனுப்பி வைன்னாரு'ன்னு அக்கா சொன்னாங்க. கிளாஸ்ல அப்படித் திட்டின சார் வீட்ல அப்படிச் சொன்னாரான்னு எனக்கு அழுகையே வந்துருச்சு. அதுக்காகத்தான் சார் பொட்டிய அவுத்தேன்."

ஆறு மணிக்கு வரச் சொன்னது நிஜம்; நல்ல மண்டை என்று நான் ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. என் மனைவியைப் பார்த்தேன். அவள் பேட்டா விழாமல் இருக்கத் தலையை ஆட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டுப் போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. என்னைப் போல் விளங்கவைக்க ஆளில்லை என்று நீ அக்காவிடம் சொன்னாயே, அது எப்போது என்று அவளிடமே கேட்டேன்.

அவள் விழித்தாள். பிறகு மரியாதையாகச் சொன்னாள்.

"நானா சார்? அப்போ உங்க பேரச் சொல்லவே எனக்குப் பயமாச்சே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே பாராட்டு அது. அதுவும் என் மனைவி சமையலறையில் செய்ததுதான்.

அவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டை நான் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். மூன்று மணிக்கு எல்லோரும் கிளம்பிப் போனார்கள். சாயங்காலம் மனைவி கூப்பிடாமலேயே போய்ச் சமையலறையில் உட்கார்ந்தேன். பேட்டாவைப் பெட்டியில் வைத்து ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். கல்லைக் காயவைத்து மாவை ஊற்றினாள். முதல் தோசை எப்படி உள்ளே போனது என்று தெரியாது. நல்ல பசி.

காத்திருக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. பயன் குறைந்துகொண்டே போகும் என்ற அந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. தாகத்தில் தவிக்கிறவனுக்குக் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் கொடுத்தால், முதல் சில கரண்டிகளுக்கு விதி பொருந்தாது, பயன் ஏறிக்கொண்டே போகும். எங்கள் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. முப்பது வருஷம் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு இவள் சொன்னது அதைத்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. தெரியாத விஷயம் என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டாவது தோசையை வைத்தபோது கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையா?

"இல்லீங்க." கல்லில் தண்ணீர் தெளித்தாள். "அது சொல்லல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"நான் சொன்னா நீங்க கேப்பீங்களா? எட்டாவது படிச்சவ சொல்றான்னு சிரிப்பீங்க. அதனால அது சொன்னதாச் சொன்னேன்." மாவைக் கரண்டியில் எடுத்துவிட்டுத் திரும்பினாள். "நாலு மாசம் இங்க நின்னு நானும்தான் கேட்டுட்டிருந்தேன். நல்லாத்தான் வெளங்க வெச்சீங்க. மூணாவது ஊத்தட்டுங்களா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, ஊற்று என்றேன்.

மூன்றாவது தோசையில் ருசி தெரிந்தது. ஓரத்தில் முறுகல், நடுவில் மெத்து, வெந்தய வாசனை. நன்றாயிருக்கிறது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்கு ஏற்கெனவே நிறையக் கிடைத்திருந்தது.