சாயந்திரம் மட்டும் மாறிய கால் அளவு

போன வருடம், ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர்கள் குவிந்திருந்த நேரத்தில் நடந்தது இது. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஆபீஸ் வேலை எனக்கு.

என் கால் ஐரோப்பியக் கணக்கில் சரியாக முப்பத்தேழாம் அளவு; மாதிரி ஷூவும் அந்த அளவில்தான் செய்வார்கள். அதனால் வெளிநாட்டுக்குப் போகும் பெண்கள் ஷூவின் முதல் மாதிரியைப் போட்டு நடந்து பார்த்து, சரியா இல்லையா என்று சொல்லும் பொறுப்பும் என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

என் மேஜை உயரம், நான் குள்ளம். நாற்காலியை ஏற்றிவைத்துக்கொண்டு, கால் தரையில் படாமலே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். சாப்பாடும் அங்கேயேதான். சாயந்திரம் கிளம்பும்போது செருப்பு வார் இறுக்கும். ஷூ கம்பெனிக்காரி இல்லையா, செருப்பின் தோல் சரியில்லை என்று அதைத்தான் திட்டினேன்.

மாதிரியை எப்போதும் காலையில்தான் போட்டுப் பார்ப்பேன். அன்று தோல் தாமதமாக வந்ததால் ஷூ என்னிடம் வரவே சாயந்திரமாகிவிட்டது. போட்டதும் விரல் பக்கம் பிடித்தது. டைட் என்று சொல்லிவிட்டேன். மாதிரி செய்யும் மாஸ்டரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அவர் முகம் வாடிவிட்டது. அளவைக் கூட்டித் தோலை மறுபடி வெட்ட வேண்டும். மொத்த ஆர்டரையும் அந்த மாதிரியை வைத்துத்தான் தைப்பார்கள். ஆனாலும் என் காலை அவர் சந்தேகப்படவில்லை.

மறுநாள் காலை, வெட்டுவதற்கு முன் எங்கே பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ள அதே ஷூவோடு வந்தார். போட்டேன். எங்கேயும் பிடிக்கவில்லை. கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன்; அப்போதும் இல்லை.

“இன்னாம்மா, ராத்திரியோட ராத்திரியா கால் இளைச்சிடுச்சா?” என்றார் பாய்.

அப்போதுதான் செருப்பு வார் ஞாபகம் வந்தது. காலையில் சரியாக இருக்கும் செருப்பு சாயந்திரம் மட்டும் எப்படிச் சுருங்கும்?

“ஷூ சரியாத்தான் இருக்குது பாய். கால்தான் வீங்கிப்போவுது. நாள் பூரா தொங்கப் போட்டுக்கினு உக்காந்திருக்கேன்” என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நல்லவேளை வெட்டவில்லை என்று பெருமூச்சு விட்டார். மாதிரி அன்றைக்கே அப்படியே வெளிநாட்டுக்குக் கிளம்பியது. என் காலை டாக்டரிடம் காட்டினேன். வேறு கோளாறு எதுவும் இல்லை, இப்படி அசையாமல் உட்கார்ந்தால் வீங்கத்தான் செய்யும் என்றார்.

அந்த வாரமே பாய் மிச்சமான சோல் ஷீட்டுகளை ஒட்டி, மேலே துண்டுத் தோல் போர்த்தி, கால் வைக்க ஒரு சாய்வுப் பலகை செய்து என் மேஜைக்கடியில் வைத்துவிட்டார். இப்போது பாயிடம் கேட்க வேண்டியதை போனில் கேட்பதில்லை, எழுந்து நடந்துபோய்த்தான் கேட்கிறேன். மகாராணி காலைக் கூட்டிக்கொண்டு உலா கிளம்பிவிட்டாள் என்று ஆபீசில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

முகம் தெரியாத எத்தனையோ பெண்களுக்கு எங்கே வலிக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சொன்னவள், என் காலை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதெல்லாம் சாயந்திரம் செருப்பு மாட்டும்போது வார் தளர்வாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நிம்மதியாக பஸ் ஏறுகிறேன்.