பட்டாளம் என்று கூப்பிட்டால் வருவது யார்?

பல வருஷமாக ஒரு விஷயம் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. என் அக்கா வீட்டுக்காரர் தன் நாய்க்கு என் பெயரை வைத்தார்.

சின்ன வயதிலிருந்தே வீட்டில் என்னைப் பட்டாளம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பட்டாளமே சேர்ந்து கத்துவது போன்ற தொண்டை எனக்கு.

"ஏன் மாமா, உலகத்துல வேற பேரே கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

"இந்தப் பேரு வாயில பழகிடுச்சு மாப்ள. புதுசா எதுக்கு யோசிக்கணும்?" என்றார்.

மனிதர் அப்படித்தான். அவர் வீட்டில் உப்பு என்று எழுதிய டப்பாவில் சர்க்கரை இருக்கும். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் பட்டாளம் என்றால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருவது நாய். வாசலைத் தாண்டினால்தான் நான் மறுபடியும் பட்டாளம்.

மாமா கம்ப்யூட்டர் படித்தவர். நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் அவரைச் சேர்த்துவிட்ட புண்ணியவானும் நான்தான். துணி மூட்டைகளை நான் தராசில் வைப்பேன். அவருடைய புரோகிராம் எடைகளைக் கூட்டி, எவ்வளவு தண்ணீர் விடுவதென்று மெஷினுக்குச் சொல்லும்.

போன மாதம் ஒரு காலையில் முதல் லோடு ஓடியது. இரண்டாவதில் எல்லாம் நின்றது. புரோகிராமை அணைத்துப் போட்டால் மறுபடி ஒரே ஒரு லோடு, மறுபடி நிறுத்தம்.

"நேத்து ஒரு வரிதான் மாத்தினேன். முதல் லோடு ஓடுதுல்ல? அப்ப என்மேல தப்பில்ல. நீதான் எதையோ அமுக்கித் தொலைச்சிருக்க."

"தராசைத் தவிர நான் எதையும் தொடல மாமா!"

முதலாளி வந்து மாமாவிடம் சொன்னார்: "சாயந்திரத்துக்குள்ள ஓடலைன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

மதியம் அக்கா வீட்டில் மாமா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அடுப்படியிலிருந்து அக்கா கத்தினாள்: "டேய் பட்டாளம், சாப்பாடு ஆறுது, வாடா!"

வாசலிலிருந்து நான் எழுவதற்குள் நாய் என் தட்டின் முன் உட்கார்ந்துவிட்டது.

மாமா நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையைக் கழுவாமல் எழுந்து சலவைக்கூடத்துக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

விஷயம் இதுதான். அந்தக் கம்ப்யூட்டர் மொழியில் கூட்டுவதற்கென்று பிறவியிலேயே ஒரு கட்டளை இருக்கிறது, பெயர் 'சம்'. வந்த விடையைப் போட்டு வைக்கவும் மாமா அதே பெயரை வைத்துவிட்டார். முதல் லோடில் கூட்டல் முடிந்ததும், விடை அந்தப் பெயரில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அடுத்த லோடுக்கு 'சம்' என்று கூப்பிட்டால் வருவது வெறும் எண். அதற்கு எங்கே கூட்டத் தெரியும்?

"அந்த மொழி தடுக்காதா மாமா?"

"தடுக்காது. நான் வச்ச பேரே இருக்கட்டும்னு விட்டுடும்."

"எங்க அக்கா மாதிரி" என்றேன்.

விடையின் பெயரை மாற்றினார். மெஷின்கள் வரிசையாகச் சுற்றின. வேலை தப்பியது. முதலாளி மாமாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார். எனக்கும் நாய்க்கும் ஒன்றும் கிடையாது.

திரும்பும் வழியில் கேட்டேன்: "இங்க மாத்தியாச்சு. அப்படியே நாய் பேரையும் மாத்திடலாமே?"

மாமா நின்று யோசித்தார்.

"அது அந்தப் பேருக்குப் பழகிடுச்சு மாப்ள. வாயில்லா ஜீவன், சொன்னாப் புரியாது. நீ மனுஷன். நீ வேற பேரு வச்சுக்கோயேன்."