ஏரி நடுவில் ரெண்டு பாயிண்ட் டவர்

ஜவ்வாது மலை ஏரியில் படகு ஏறுகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது என் வேலை. கரையில் செத்துக் கிடக்கும் போனுக்கு ஏரி நடுவில் டவர் கிடைக்கும் என்று எனக்கு முதலில் சொன்னவர் துடுப்பு போடும் முனுசாமி அண்ணன், நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே. மாடியேறிப் போனைத் தூக்கிக் காட்டும் உங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

தூக்கின கை

செவந்தி தன் மகள் கௌரியோடு வந்தாள். கௌரிக்கு நர்ஸிங் சேர ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டும். அவர்கள் ஊரில் இதுவரை யாரும் அந்தப் படிப்புக்குப் போனதில்லை. துணைக்கு நானும் ஏறினேன். டவர் வந்ததும் செவந்தி போனைத் தலைக்கு மேல் தூக்கினாள், இறக்கவே இல்லை. குடும்மா என்று கௌரி கெஞ்சினாள்.

"இன்னாடி அவசரம்? டவரு நல்லா ரொம்பட்டும்!"

நிற்காத படகு

கௌரி விண்ணப்பம் எழுதுவதற்காகத் துடுப்பை நிறுத்தினால் காற்றில் படகு நகர்ந்துவிடும், டவரும் போய்விடும். எழுதினது மூன்று தடவை அழிந்தது. வெளியூரில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு வேண்டிக்கொள்வதுபோலவே முருகனைக் கூப்பிட்டேன். அண்ணன் காற்றுக்கு எதிராகத் துடுப்பு போட்டுப் போட்டு ஒரே இடத்தில் நிறுத்தினார். போன் நம்பர் கேட்ட இடத்தில், வீட்டு ஆம்பிளை நம்பர்தான் தரவேண்டும் என்று செவந்தி புருஷன் நம்பரைச் சொன்னாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அண்ணன் வேர்வையைத் துடைத்தார்.

"எங்கியும் போவாம இருக்கறதுக்கு இவ்ளோ துடுப்பு போட்டது இன்னிக்குத்தாம்மா."

ஆறு நம்பர்

கௌரிக்கு சீட்டு கிடைத்தது. அன்றைக்கு மாலை ஐந்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். மறுபடி நாலு பேரும் ஏரி நடுவுக்குப் போனோம். அதற்கான ஓடிபி, கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருந்த அவள் அப்பா போனுக்குப் போனது. கௌரி போனில் சைட்டு திறந்திருந்ததால் என் போனில் கூப்பிட்டாள். குரல் விட்டு விட்டுக் கேட்டது. "அப்பா, அந்த ஆறு நம்பரைச் சொல்லுப்பா!" என்று அலறினாள். அவர் கட் பண்ணிப் போனையே அணைத்துவிட்டார். ஐந்தானது, சைட்டு மூடிவிட்டது. அண்ணன் படகைக் கரைக்குத் திருப்பினார்.

ஊர் திரும்பியதும் கௌரி அப்பா நேராக என்னிடம் வந்து நின்றார்.

"எம் பொண்ணு குரல்தான்னு தெரிஞ்சுதுங்க. குரலைக்கூட மிஷின்ல பண்ணி ஏமாத்துறாங்க, நம்பரை யாருக்கும் சொல்லாதேன்னு போன் போடும்போதெல்லாம் அதுலயே சொல்றாங்களே."

இப்போது அவர் போனில் எந்த நம்பர் வந்தாலும், பக்கத்தில் யார் இருந்தாலும், உரக்கப் படித்துவிடுகிறார். கௌரி வரும் வருஷம் மறுபடி விண்ணப்பம் போடுகிறாள். சாமி கும்பிடும்போது அவள் பேரையும் ஒரு தடவை சொல்லுங்கள்.